மூக்கை மூடச் சொன்ன டாக்டர்

1910-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ந்தேதி. சீனாவின் வடகோடியில் உள்ள மஞ்சூரியா. அங்கே ஹார்பின் என்ற ஊர். அந்த ஊர் ரெயில் நிலையத்தில் ஒரு இளைஞர் வந்து இறங்கினார். அவருக்கு வயது 31. உடன் வந்தவர் ஒரே ஒரு வைத்திய மாணவர். கையில் ஒரு மைக்ராஸ்கோப் பெட்டி.

குளிர் என்றால் சாதாரணக் குளிர் அல்ல. தண்ணீர் உறையும் அளவுக்கும் கீழே 25 டிகிரி, 30 டிகிரி. மண் கல்லாக இறுகிக் கிடந்தது.

ஊரில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் காய்ச்சல் வரும். பிறகு இருமல். இருமலோடு இரத்தம். இரண்டொரு நாளில் உயிர் போய்விடும். வந்தவர் பிழைத்தார் என்ற பேச்சே கிடையாது. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அந்த வீடே காலியாயிற்று.

அந்த இளைஞரின் பெயர் டாக்டர் வூ லியன் தே.

தட்டார் வீட்டுப் பிள்ளை

வூ சீனாவில் பிறந்தவர் அல்ல. தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பினாங்கில்தான் 1879-ம் ஆண்டு மார்ச் 10-ந்தேதி பிறந்தார். தகப்பனார் சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். நகை செய்யும் தொழில். வீட்டில் பதினொரு குழந்தைகள்.

பினாங்கு பிரீ ஸ்கூல் என்ற பள்ளிக்கூடத்தில் படித்தார். படிப்பில் கெட்டிக்காரர். 1896-ம் ஆண்டு, 17 வயதில், ராணியின் பெயரால் கொடுக்கப்பட்ட உபகாரச் சம்பளத்தைப் பெற்றார். கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்த முதல் சீன மாணவர் இவர்தான். லண்டனிலும், லிவர்பூலிலும், ஜெர்மனியிலும், பாரீஸ் பாஸ்டர் நிலையத்திலும் மேலும் கற்றார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைக் கண்டுபிடிக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது.

இவ்வளவு படித்து 1903-ல் ஊர் திரும்பினார். என்ன பயன்? வெள்ளைக்காரர்களுக்குத்தான் சர்க்கார் வைத்தியத்தில் பெரிய பதவி. பினாங்கில் சொந்தமாக வைத்தியசாலை வைத்தார். 1905-ல் கலியாணம் நடந்தது.

அந்தக் காலத்தில் அபின் பழக்கம் சீனக் குடும்பங்களை அழித்துக்கொண்டிருந்தது. அபின் விற்பனையில் சர்க்காருக்கு நல்ல வருமானம். வூ அபினை எதிர்த்துக் கூட்டம் போட்டார். பணக்காரர்களின் பகை வந்தது. ஒருநாள் அவருடைய வைத்தியசாலையில் சோதனை போட்டார்கள். மருந்துக்காக வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபின் கரைசல் அகப்பட்டது. அபினை ஒழிக்கப் பாடுபட்டவருக்கே அபின் வைத்திருந்ததாக அபராதம்!

மனம் கசந்திருந்த நேரத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. டியன்ட்சின் நகரில் ராணுவ வைத்தியக் கல்லூரியில் துணைத் தலைவர் பதவி. குடும்பத்தோடு புறப்பட்டார். அங்கே இருந்தபோதுதான், ஹார்பினுக்கு உடனே போகும்படி பீகிங் சர்க்காரிடமிருந்து உத்தரவு வந்தது.

எலியா? மூச்சா?

ஹார்பினில் சீனர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிக்குப் பூஜியாடியன் என்று பெயர். சுமார் 24 ஆயிரம் பேர் அங்கே இருந்தார்கள். மர்மோட் என்னும் பிராணியைப் பிடித்துத் தோலை விற்கும் வேட்டைக்காரர்கள் பலர். அணிலுக்கு உறவான பிராணி அது. ஆனால் பூனை அளவு பெரியது. அதன் தோலுக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏற்பட்டதால், பழக்கமில்லாத ஆட்களும் வேட்டைக்குப் போனார்கள். நோய் பிடித்த பிராணியைத் தொட்டு நோயை வாங்கி வந்தார்கள். இரவில் மலிவான சத்திரங்களில் நாற்பது ஐம்பது பேர் ஒரே அறையில் கதவை அடைத்துக்கொண்டு படுத்தார்கள்.

வூ வந்து மூன்றாம் நாள். சத்திரம் நடத்திய ஒரு ஜப்பானியப் பெண் இறந்துபோனாள். பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது சீனாவில் பெரும் பாவம். சட்டமும் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் வூ ரகசியமாக அறுத்துப் பார்த்தார். நுரையீரலில் பிளேக் கிருமிகள் குவிந்து கிடந்தன.

பிளேக் என்றால் எல்லா டாக்டர்களுக்கும் அப்போது ஒரே பாடம்தான். எலியின் மேல் உள்ள தெள்ளுப்பூச்சி கடித்தால் நோய் வரும். நெறி கட்டும். பம்பாயில் 1896-ம் ஆண்டு தொடங்கிய பிளேக் அப்படிப்பட்டது. ஆனால் ஹார்பினில் பிடித்துப் பார்த்த எலிகளிடம் நோயே இல்லை. நோயாளிக்கு நெறியும் கட்டவில்லை.

வூ யோசித்தார். எலி கொண்டுவரவில்லை. மனிதன்தான் மனிதனுக்குக் கொடுக்கிறான். இருமும்போது தெறிக்கும் துளிகளில் கிருமி போகிறது. மூச்சோடு உள்ளே நுழைகிறது. அப்படியானால் மூக்கையும் வாயையும் மூடினால் போதுமே!

அறுவை வைத்தியர்கள் அதற்கு முன்பே சிகிச்சையின்போது மெல்லிய துணியை முகத்தில் கட்டுவது உண்டு. வூ அதைக் கெட்டிப்படுத்தினார். காயத்துக்குக் கட்டும் சல்லடைத் துணி, நடுவில் பஞ்சு, இரு முனைகளையும் கிழித்துக் கட்டும் நாடாக்கள். அவ்வளவுதான். சில காசு செலவில் வீட்டுப் பெண்களே தைக்கலாம்.

கையுறை உண்டு, கவசம் இல்லை

சொன்னவுடன் உலகம் கேட்டுவிட்டதா? இல்லை. ஜனங்களை விட டாக்டர்களே அதிகம் முரண்டினார்கள்.

ஹார்பினில் ரஷ்யர்களின் பிளேக் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் டாக்டர், பம்பாயில் பிளேக் தடுப்பூசியைக் கண்டுபிடித்த புகழ்பெற்ற ஹாப்கினின் உறவினர். அவர் ஊசியை நம்பினார். துணியை நம்பவில்லை. வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்த்தார்.

அடுத்து வந்தவர் ஜெரால் மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர். வயதில் மூத்தவர். 1908-ம் ஆண்டு வேறொரு ஊரில் பிளேக்கை அடக்கியவர் என்ற பெயர் உண்டு. அந்தப் பெயரே அவருக்கு எமனாக வந்தது. காற்றில் பரவுகிறது என்று வூ விளக்கியதும் மெஸ்னிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சீனப் பையன் தனக்குப் பாடம் சொல்வதா என்று இழிவாகப் பேசினார். தலைமைப் பதவியைத் தனக்கே கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார். வூ சண்டை போடவில்லை. ராஜினாமாத் தந்தி அடித்தார். பீகிங் அதை ஏற்கவில்லை. வூவே தலைவர் என்று பதில் வந்தது.

1911-ம் ஆண்டு ஜனவரி 5-ந்தேதி மெஸ்னி ரஷ்ய ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டார். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டார். முகத்தில் மட்டும் ஒன்றும் கட்டவில்லை. நோயாளிகளைக் குனிந்து பார்த்தார்.

ஜனவரி 11-ந்தேதி அவர் இறந்துபோனார்.

ஒரே நாளில் ஊர் மாறிவிட்டது. பெரிய ஐரோப்பிய டாக்டரே போய்விட்டார் என்றால் நம் கதி என்ன? தெருவில் போகிறவர்கள் எல்லாருடைய முகத்திலும் வெள்ளைத் துணி ஏறியது. ஆனால் எப்படி? சிலர் ஒழுங்காகக் கட்டினார்கள். சிலர் ஒரு காதில் தொங்கவிட்டார்கள். சிலர் கழுத்தில் தாயத்துப் போலப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். கிட்டே இருந்தால் போதும், காப்பாற்றிவிடும் என்ற நினைப்பு! நூறு ஆண்டு கழித்துத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்தவர்களுக்கு இவர்கள்தான் முன்னோர்கள்.

இரண்டாயிரம் பிரேதங்கள்

மூக்கை மூடினால் மட்டும் போதாது என்பது வூவுக்குத் தெரியும். பூஜியாடியனை நான்கு வட்டாரமாகப் பிரித்தார். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வட்டாரத்துக்கு ஒரு நிறப் பட்டை. கையில் பட்டை கட்டியவர் தன் வட்டாரத்தை விட்டு வெளியே போக முடியாது. ரஷ்ய ரெயில்வேயிடம் சரக்கு வண்டிப் பெட்டிகளை வாங்கி, நோயாளிகளோடு பழகியவர்களை அவற்றில் தனியாக வைத்தார். சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் கூலியாட்கள் நோயையும் ரெயிலில் கொண்டுபோனதால் ரெயில்கள் நிறுத்தப்பட்டன.

இடுகாட்டைப் பார்த்தபோதுதான் வூ கலங்கிப் போனார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிரேதங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. மண் உறைந்து போனதால் குழி வெட்ட முடியவில்லை. எரிக்க வேண்டும். சீனர்களுக்கோ மூதாதையரின் உடலை எரிப்பது பெரும் துரோகம். ஊரில் யாருடைய அனுமதியும் போதாது. சக்கரவர்த்திக்கு விண்ணப்பம் போயிற்று. உத்தரவு வந்தது. ஜனவரி 31-ந்தேதி மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் சீனப் புத்தாண்டு.

மார்ச் 1-ந்தேதிக்குப் பிறகு ஹார்பினில் புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் சுமார் 60 ஆயிரம் பேர் மாண்டிருந்தார்கள்.

ஏப்ரல் மாதம் முக்டென் நகரில் பிளேக் பற்றிய சர்வதேச மகாநாடு கூடியது. பதினொரு நாட்டு நிபுணர்கள் வந்தார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் வூ. வெள்ளைக்காரர் அல்ல என்பதால் மலாயாவில் பதவி மறுக்கப்பட்ட அதே வூ!

சங்கு ஊதியதும்

ஆபத்து இருக்கும்போது துணியைக் கட்ட வைக்கலாம். ஆபத்து விலகிய பிறகு? இதற்கு ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது.

1918-ல் விஷக் காய்ச்சல் உலகத்தைச் சூறையாடியது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் முகமூடி கட்டாயம் என்று சட்டம் வந்தது. கட்டாதவர்களுக்கு அபராதம். குத்துச்சண்டை பார்க்கப் போன நகர மேயர் ஜேம்ஸ் ரால்ப் முகமூடி இல்லாமல் போட்டோவில் அகப்பட்டு, 50 டாலர் அபராதம் கட்டினார். நவம்பர் 21-ந்தேதி பகல் 12 மணிக்குச் சங்கு ஊதியது. சட்டம் நீங்கிற்று. ஜனங்கள் முகமூடியைக் கழற்றித் தெருவில் எறிந்து கூத்தாடினார்கள்.

இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் திரும்பி வந்தது. 1919-ம் ஆண்டு ஜனவரியில் மறுபடி சட்டம். இந்தத் தடவை ஜனங்கள் பணியவில்லை. முகமூடி எதிர்ப்புச் சங்கமே அமைத்துக் கூட்டம் போட்டார்கள். பிப்ரவரி 1-ந்தேதி சட்டம் மறைந்தது. ஜப்பானில் கதை வேறு. அங்கே அதே காய்ச்சலில் வந்த முகமூடி போகவே இல்லை. ஜலதோஷம் பிடித்தவர் மற்றவர்களுக்கு மரியாதையாகக் கட்டிக்கொள்வது பிற்காலத்தில் வழக்கமாகிவிட்டது.

சீனாவில் வூ சும்மா இருக்கவில்லை. ஹார்பினைத் தலைமையிடமாக வைத்துப் பிளேக் தடுப்பு இலாகா ஒன்றை 1912-ல் ஏற்படுத்தி நடத்தினார். ஆஸ்பத்திரிகள் கட்டினார். 1920-ல் பிளேக் மறுபடி வந்தது. தனியாக வைக்கப்பட்ட சிலர் தப்பி ஓடினார்கள். டலைநோர் நிலக்கரிச் சுரங்கத்துத் தொழிலாளர்களிடையே நோய் புகுந்தது. ஆனால் பத்து வருஷத்து ஏற்பாடு வீண் போகவில்லை. முன்பு 60 ஆயிரம் பேரைத் தின்ற நோய், இந்தத் தடவை சுமார் 9,300 பேரோடு அடங்கியது.

1935-ல் அவர் பெயர் நோபல் பரிசுக்குச் சிபாரிசு செய்யப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1937-ல் ஜப்பான் படையெடுத்தது. மனைவியும் அந்த வருஷமே இறந்தார். வூ மலாயாவுக்குத் திரும்பினார். ஈப்போ நகரில், ஊருக்கு ஒரு சாதாரண டாக்டராக உட்கார்ந்தார். ஏழைகளிடம் பணம் வாங்குவதில்லை. ஊரில் பணம் திரட்டி ஒரு நூல் நிலையமும் ஏற்படுத்தினார். 1960-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி, பிறந்த பினாங்கிலேயே, 80-வது வயதில் காலமானார்.

மறுபடி வந்த துணி

பிறகு 60 வருஷம் அவரை வைத்தியர்கள் தவிர அதிகம் பேர் நினைக்கவில்லை. 2020-ல் கொரோனா வந்தது. முகமூடி என்றால் திருடன் ஞாபகம் வந்த தமிழ்நாட்டில்கூட, முகக்கவசம் என்ற சொல் குழந்தைகள் வாயில் புழங்கியது. முதலில் நோயில்லாதவர்களுக்குக் கவசம் வேண்டாம் என்று சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2020 ஜூன் மாதம் பேச்சை மாற்றியது.

பிறகு கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக நீங்கின. மராட்டிய மாநிலத்தில் 2022 ஏப்ரல் 2-ந்தேதி. ஹாங்காங்கில் 2023 மார்ச் 1-ந்தேதி. அதே மாதம் 13-ந்தேதி ஜப்பான் சர்க்கார், கட்டுவதும் கட்டாததும் அவரவர் விருப்பம் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகும் டோக்கியோ ரெயில்களில் கவசத்தோடு போனவர்களே அதிகம். பல நாடுகளில் அப்படி இல்லை. கட்டினவரைக் கட்டாதவர் பயந்தாங்கொள்ளி என்று முறைத்தார். கட்டாதவரைக் கட்டினவர் பொறுப்பில்லாதவர் என்று முறைத்தார். வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஒருவரோ, மூச்சு வாங்கும் தாத்தாவோ இருக்கிறார் என்பது, எதிரே போகிறவருக்குத் தெரிய நியாயமில்லை.

வூ பிறந்த பினாங்கு இன்றைய மலேசியாவில் இருக்கிறது. அங்கே கட்டடங்களுக்குள் கவசம் கட்டாயம் என்ற விதி 2022 செப்டம்பர் 7-ந்தேதி நீங்கியது. பஸ், ரெயில், ஆஸ்பத்திரி ஆகியவற்றில் மட்டும் அப்போதைக்கு நீடித்தது. கடைக்காரர்கள் விரும்பினால் தங்கள் கடைக்குள் வருகிறவர்களைக் கட்டச் சொல்லலாம் என்றும் சர்க்கார் அனுமதித்தது.