தாகூர் வாழ்க்கையை 54 நிமிடத்தில் சொன்ன சத்யஜித் ரே: படத்தில் இருப்பது என்ன, விட்டுப்போனது என்ன?

நீண்ட அங்கி, வெண்தாடி, நோபல் பரிசு, தேசிய கீதம். ரவீந்திரநாத் தாகூர் என்றதும் பலருக்கும் ஸ்கூல் புத்தகத்தில் பார்த்த அந்த முகம்தான் ஞாபகம் வரும். அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த மனிதரின் கதையைச் சொல்லும் ஆவணப்படம் 1961-ல் வந்தது. எடுத்தவர் சத்யஜித் ரே.

தாகூரின் நூற்றாண்டு விழாவுக்காக மத்திய அரசு கேட்டுக்கொண்டதால் உருவான படம் இது. தயாரிப்பு ஃபிலிம்ஸ் டிவிஷன். கறுப்பு வெள்ளையில் 54 நிமிடம் ஓடும். பின்னணியில் ஆங்கிலத்தில் பேசுவதும் ரேதான். சிறந்த ஆவணப்படத்துக்கான தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கவிஞரைப் பற்றிய படம், ஆனால் அவருடைய கவிதைகளை இதில் யாரும் ஆங்கிலத்தில் வாசிப்பதில்லை. வங்காளத்தில் இருக்கும் உயிர் மொழிபெயர்ப்பில் வராது என்று ரே நினைத்தார். எனவே மழை, முகங்கள், பழைய புகைப்படங்கள், இசை ஆகியவற்றை வைத்தே கதை நகர்கிறது.

ரேவுக்கும் தாகூருக்கும் என்ன தொடர்பு?

ரேவின் தாத்தா உபேந்திரகிஷோர், தாகூரின் நண்பர். ரே சாந்திநிகேதனில் ஓவியம் படித்தவர். 1941 ஆகஸ்ட் 7-ல் தாகூர் இறந்தபோது அவர் அங்கே 20 வயது மாணவர். படம் அந்த மரணத்தில்தான் தொடங்குகிறது. கல்கத்தா தெருக்களில் மனிதத் தலைகளுக்கு நடுவே இறுதி ஊர்வலம் நகர்கிறது. அங்கிருந்து கதை பின்னோக்கிப் போகிறது.

வட்டத்துக்குள் உட்கார்ந்த சிறுவன்

1861 மே 7-ல் கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தார் தாகூர். தாத்தா துவாரகநாத் பெரும் செல்வந்தர், அப்பா தேவேந்திரநாத் பிரம்ம சமாஜத்தின் தலைவர். பெரிய வீடு, பெரிய குடும்பம். ஆனால் கடைக்குட்டியை வளர்த்ததென்னவோ வேலைக்காரர்கள்தான். அவர்களில் ஒருவர் சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டு, அதைத் தாண்டக்கூடாது என்று மிரட்டுவாராம். லட்சுமணன் கிழித்த கோட்டைத் தாண்டிய சீதையின் கதி தெரிந்த பையன், அப்படியே ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஸ்கூல் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒன்றுவிட்டு ஒன்று மாற்றியும் பலனில்லை. லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர் 1880-ல் பட்டம் இல்லாமலே திரும்பினார். சிறுவயதுக் காட்சிகளை நடிகர்களை வைத்துப் படமாக்கியிருக்கிறார் ரே. படத்தில் மனசில் நிற்கும் பகுதி அதுதான். பின்னால் வரும் பரிசு, பட்டம், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அதற்கு ஒரு படி கீழேதான்.

1890 வாக்கில் குடும்ப ஜமீனைக் கவனிக்க பத்மா நதிக்கரைக்குப் போனார். படகிலேயே தங்கி, குடியானவர்களின் கஷ்டத்தைக் கிட்டே இருந்து பார்த்தார். அவருடைய நல்ல சிறுகதைகள் பலவும் அந்தக் காலத்தவை.

பள்ளிக்கூடத்துக்காக விற்ற நகை

1901-ல் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களோடு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். வகுப்பு மரத்தடியில். பணம்தான் இல்லை. மனைவி மிருணாளினி தன் நகைகளைக் கொடுத்தார். அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார், வயது முப்பதைக்கூட எட்டவில்லை. 1903-ல் மகள் ரேணுகா, 1905-ல் அப்பா, 1907-ல் மகன் ஷமீந்திரநாத் என்று வரிசையாகச் சாவு. 1910-ல் வந்த வங்காள கீதாஞ்சலிக்கு முந்தைய பத்து வருஷம் இப்படித்தான் போனது.

1913-ல் நோபல். இலக்கியத்துக்கான அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆசியர். பரிசுப் பணத்தை அவர் போட்ட இடம் பதிசர் கிராமத்தில் அவரே தொடங்கிய விவசாய வங்கி. குடியானவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன், வரும் வட்டி பள்ளிக்கூடத்துக்கு. நல்ல யோசனைதான், ஆனால் போட்ட பணம் முழுசாகத் திரும்பவில்லை. 1921-ல் விஸ்வபாரதி உருவான பிறகும் பணத்தட்டுப்பாடு விடவில்லை. 70 வயதைத் தாண்டியும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நாட்டிய நாடகம் போட்டு நிதி திரட்டினார். 1936-ல் டெல்லியில் இதைப் பார்த்துச் சங்கடப்பட்ட காந்தி, 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து, இனி அலைய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சர் பட்டத்தை ஏன் திருப்பிக் கொடுத்தார்?

1915-ல் பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக் படுகொலை. செய்தி வெளியே கசியவே நாளானது, தலைவர்கள் பலரும் தயங்கினார்கள். மே 31 அன்று வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி, பட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் தாகூர். தேசபக்தி வெறியாக மாறுவதையும் அவர் இதே அளவுக்கு எதிர்த்தவர் என்பதால் அன்றைக்கே இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். 60 வயதுக்கு மேல் ஓவியம் வரைய ஆரம்பித்து, 1930-ல் பாரிஸில் கண்காட்சியே வைத்தார். 80 வயதில், உலகப்போர் நடுவே, மேற்கத்திய நாகரிகத்தின் மீதான நம்பிக்கை உடைந்ததைத் தன் கடைசிப் பேருரையில் சொன்னார்.

சொல்லாமல் விட்டது எது?

காதம்பரி தேவி. அண்ணன் ஜோதிரிந்திரநாத்தின் மனைவி. ஒன்பது வயதில் வாழ வந்தவர், ரவியைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். விளையாட்டுத் தோழி, கவிதைகளின் முதல் வாசகி. 1883 டிசம்பரில் தாகூருக்குக் கல்யாணம். 1884 ஏப்ரலில் காதம்பரி தற்கொலை செய்துகொண்டார். அப்போது தாகூருக்கு 22 வயது. அந்த இழப்பு அவருடைய எழுத்தில் கடைசிவரை தெரிகிறது.

நூற்றாண்டு விழாவுக்கு அரசு எடுக்கும் படத்தில் இதற்கு இடமில்லை. ரே இதுபோன்ற சர்ச்சைகளின் பக்கமே போகவில்லை. இங்கே தாகூர் மரியாதைக்குரிய பெரியவராகவே இருக்கிறார். அந்த மரியாதைக்கு ஒரு விலையும் இருக்கிறது: மகத்தான மனிதர் தெரிகிறார், அடிபட்ட இளைஞர் தெரிவதில்லை.

ஆனால் ரே அதோடு விட்டுவிடவில்லை. 1964-ல் தாகூரின் 'நஷ்டநீர்' கதையை 'சாருலதா' என்ற பெயரில் படமாக்கினார். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பெண், எழுத்து ஆசையோடு வந்து சேரும் கணவனின் உறவுக்காரத் தம்பி. கதையில் காதம்பரியின் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். தோட்டத்து ஊஞ்சலில் ஆடியபடி சாரு முணுமுணுக்கும் பாட்டும் தாகூருடையதுதான்.