விதை காத்த அறிஞர்

ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ் 1887ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். விளைச்சல் பொய்த்தால் மக்கள் படும் துயரை அறிந்த அவர், பயிர் ஆராய்ச்சியையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார்.

உழவர்கள் தங்கள் வயலில் விளைந்த கோதுமையில் ஒரு பகுதியை அடுத்த பருவத்திற்கு விதையாக எடுத்து வைப்பது பழைய வழக்கம். ஆய்வு நிலையங்கள் உருவாக்கிய புதிய விதைகள் அதிக விளைச்சல் தந்ததால், பலர் அவற்றை வாங்கி விதைக்கத் தொடங்கினர். புதிய விதைகள் தேவை என்பதை வாவிலோவும் ஏற்றார். ஆயினும், நோயையும் வறட்சியையும் தாங்கும் ஆற்றல் பழைய விதைகள் பலவற்றில் இருந்தது. அவை மறைந்தால் அவ்வாற்றலும் மறைந்துவிடும். எனவே, அவர் ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா முதலிய நாடுகளுக்குச் சென்று விதைகளைத் திரட்டி, லெனின்கிராட் நகரில் பாதுகாத்தார்.

1940இல் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் கைது செய்யப்பட்ட வாவிலோவ், 1943இல் சிறையில் பசியால் நலிந்து இறந்தார். அதே காலத்தில், இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டது. அங்கு விதைகளைக் காத்துவந்த ஆய்வாளர்கள் சிலர், கையருகே தானியம் இருந்தும் அதை உண்ணாமல் பட்டினியால் உயிர்நீத்தனர். அவர்கள் காத்த விதைகள் பிற்காலத்தில் பல புதிய பயிர் வகைகளை உருவாக்க உதவின.