கணியன் தந்த கோவிந்தசாமி

கைப்பேசியில் தமிழில் ஒரு குறுந்தகவல் அனுப்ப இன்று நமக்குச் சில விநாடிகள் போதும். தேக்கா நிலையத்தில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதே அனுப்பிவிடலாம். இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. இதற்கு வழி அமைத்தவர்களுள் ஒருவர் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் என்பது என் வயது இளையர் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் நா. கோவிந்தசாமி.

1946ல் பிறந்த கோவிந்தசாமி, பள்ளி ஆசிரியராகப் பணியைத் தொடங்கினார். பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகி, வருங்காலத் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். தமிழ் இலக்கிய உலகம் அவரை முதலில் அறிந்தது எழுத்தாளராகத்தான். உள்ளொளியைத் தேடி, வேள்வி ஆகியவை அவருடைய நூல்கள். 1977ல் இலக்கியக் களம் என்ற அமைப்பைத் தொடங்கி, உள்ளூர்ச் சிறுகதைகளை எழுத்தாளர்கள் கூடி விவாதிக்க இடம் உண்டாக்கினார். 1994ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவருக்குக் கிடைத்தது.

அந்த விருதோடு நிறைவடைந்து, இன்னும் சில நூல்களை எழுதிக்கொண்டு அவர் இருந்திருக்கலாம். ஆனால், ஏறக்குறைய அதே காலத்தில் அவர் கவனம் இணையத்தின்மீது திரும்பியிருந்தது. பொறியியல் பட்டம் பெற்ற ஒருவர் இதில் இறங்கினால் வியப்பில்லை. ஐம்பது வயதை நெருங்கிய தமிழ் விரிவுரையாளர் ஒருவர் இறங்கியதுதான் என்னை வியக்க வைக்கிறது.

அவர் எதிர்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள அன்றைய கணினியைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். அப்போது ஓர் எழுத்துக்கு 8 பிட் இடம் ஒதுக்குவதே வழக்கம். அதாவது, மொத்தம் 256 இடங்கள். அவற்றில் முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் ஆஸ்கி முறைப்படி பிடித்துக்கொண்டன. மீதமுள்ள 128 இடங்களுக்குள் தமிழை அடக்க வேண்டும். தமிழில் உள்ளவையோ 247 எழுத்துகள். கொம்பு, கால் போன்ற குறிகளைத் தனியாக வைத்து, மெய்யோடு சேர்த்துக்காட்டி இடத்தை மிச்சப்படுத்தினார்கள்.

ஆனால், எந்த இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்பதில் ஒற்றுமை இல்லை. சுவிட்சர்லாந்தில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு ஒரு வகை. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு இன்னொரு வகை. ஒரு முறையில் தட்டச்சு செய்ததை இன்னொரு முறையில் திறந்தால், திரையில் பொருளற்ற குறிகளே தெரியும். எழுத்துரு, விசைப்பலகை, குறியீட்டு முறை மூன்றும் பொருந்தினால்தான் ஒரு வரியையாவது படிக்க முடியும்.

இந்தச் சூழலில்தான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ போன்றவர்களோடு கோவிந்தசாமி கைகோத்தார். சிங்கப்பூர்க் கவிஞர்களின் படைப்புகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கொண்ட இணையத்தளம் ஒன்று உருவானது. 1995 அக்டோபர் 27ஆம் தேதி அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். மற்ற மூன்று மொழிகளுக்கு நிகராகத் தமிழும் அதில் இடம்பெற்றது. இணையத்தில் தமிழின் தொடக்க கால அடையாளங்களுள் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

அடுத்து வந்தது கணியன். இணையப் பக்கங்களைத் தமிழில் படிக்கவும் தமிழில் எழுதவும் உதவும் மென்பொருள் தொகுப்பு அது. அந்தப் பெயரைக் கேட்டதும் புறநானூறு படித்த எந்த மாணவருக்கும் கணியன் பூங்குன்றனார் நினைவுக்கு வருவார். உலகத்தை ஒரே ஊராகக் கண்ட புலவரின் பெயர், உலகத்தை ஒன்றாக இணைக்கும் வலைக்குள் தமிழை அழைத்துச் செல்லும் மென்பொருளுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

மென்பொருளைவிட அவர் செய்த பெரிய காரியம், ஆளுக்கொரு திசையில் உழைத்தவர்களை ஒரே அறையில் உட்கார வைத்ததுதான் என்பது என் கருத்து. 1997 மே மாதம் சிங்கப்பூரில் அவர் முன்னின்று நடத்திய தமிழிணையம் 97, முதல் தமிழ் இணைய மாநாடு. பொதுவான குறியீட்டு முறையும் பொதுவான விசைப்பலகையும் தேவை என்ற பேச்சு அங்கே வலுப்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை பரிந்துரைக்கப்பட்டது. அதற்கு மூன்று மாதங்களுக்குப் பிறகு, மே மாதத்தில், கோவிந்தசாமி காலமானார். ஐம்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார்.

அவருடைய கதையில் என்னைத் தொட்டது இதற்குப் பிந்திய பகுதி. அதற்கு என் படிப்பும் ஒரு காரணம்.

நான் பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்கிறேன். ஓய்வு நேரத்தில் ஒரு திறந்த மூல மென்பொருள் திட்டத்தில் தொண்டூழியம் செய்கிறேன். அங்கே பல்லாயிரம் மென்பொருள் பொதிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் மூல நிரலிலிருந்து எப்படிக் கட்டுவது என்பதற்கு ஒரு சமையல் குறிப்பு போன்ற நிரல் இருக்கும். எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டிப் பார்க்கும் நிரல்களைப் பராமரிப்பவர்களில் நானும் ஒருவன். எந்தப் பொதி எதை நம்பியிருக்கிறது என்று கணக்கிட்டு, முதலில் வேண்டியதை முதலில் கட்ட வேண்டும். அடியில் உள்ள ஒன்று விழுந்தால், அதன்மேல் நிற்பவை எல்லாம் விழும். இரவு முழுக்க ஓடி முடித்ததும் காலையில் தோல்விப் பட்டியல் வரும்.

சென்ற ஆண்டு அந்தப் பட்டியலில் ஒரு தமிழ் எழுத்துருப் பொதி திரும்பத் திரும்ப வந்தது. 1990களின் குறியீட்டு முறை ஒன்றுக்கான எழுத்துரு அது. எழுத்துருவில் எந்தக் கோளாறும் இல்லை. அதை உருவாக்கும் நிரல் பைத்தான் 2ல் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. பொதியைப் பராமரித்தவரும் விலகிவிட்டார். இன்று எல்லாரும் யூனிகோட் பயன்படுத்துவதால் இதை நீக்கிவிடலாம் என்றார் ஒருவர்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால், அந்தக் காலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட கதைகளும் சங்க மலர்களும் ஆய்வுக் கட்டுரைகளும் இன்னும் யார் யாருடைய பழைய வட்டுகளிலோ இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது, எழுத்து சரியாக மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எழுத்துரு வேண்டும். அதனால் நிரலைப் புதிய பைத்தானுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தேன். மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. இப்போது அந்தப் பொதி மற்றவற்றோடு ஒன்றாகக் கட்டப்படுகிறது. பராமரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் இன்னும் காலியாக உள்ளது.

கணியனும் இன்று நம் கணினிகளில் இல்லை. யூனிகோட் வந்த பிறகு அதன் தேவை முடிந்துவிட்டது. ஆனால், கோவிந்தசாமி ஒன்றுசேர்த்தவர்கள் கலைந்துவிடவில்லை. 2000 ஜூலையில் அவர்கள் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது, உத்தமம் எனப்படும் உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. தனி ஒருவர் உருவாக்கிய மென்பொருள், அவரோடு நின்றுவிடக்கூடும். அதைப் பார்த்துக்கொள்ள நாலு பேரைச் சேர்த்துவிட்டால், வேலை தொடரும். அவர் இதை அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் தமிழ் வாழும் மொழியாக இருக்க வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறோம். மேடைப் பேச்சும் கவிதைப் போட்டியும் அதற்குத் தேவைதான். எழுத்துரு, சொல்திருத்தி, விசைப்பலகை ஆகியவற்றை ஆண்டுதோறும் சரிபார்க்கும் அலுப்பான வேலைக்கும் ஆள் வேண்டும். தமிழும் நிரலாக்கமும் ஒருசேர அறிந்த மாணவர்கள் நம் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். கோவிந்தசாமி ஐம்பது வயதை ஒட்டிக் கற்றுக்கொண்டு தொடங்கிய வேலையை, நாம் இருபது வயதிலேயே தொடங்கலாம்.