இராமானுஜனின் ஞாயிற்றுக்கிழமைகள்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்றதும் நம் நினைவிற்கு வருவன எண்கள். 1729 என்ற எண்ணின் கதையை அறியாத கணித மாணவர் இலர். ஆனால் கடல் கடந்த நாட்டில், தனி அறையில் தங்கிப் பயின்ற அந்த மாணவருக்கு விடுமுறை நாள்கள் எவ்வாறு கழிந்தன என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதியவர். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணிதத்தில் மட்டுமே மனத்தைச் செலுத்தி, பிற பாடங்களில் தேறாமல், கிடைத்த உதவித்தொகையையும் இழந்தார். 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் ஆனார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடல் உலகறிந்தது. 1914 மார்ச் 17-ல் குடுமியை நீக்கி, கோட்டும் காலணியும் அணிந்து, 'நெவாசா' என்னும் கப்பலில் ஏறினார். ஏப்ரலில் இலண்டன் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் இடம் கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே உலகப் போர் மூண்டது. கல்லூரியின் ஒரு முற்றமே காயமுற்ற வீரர்களின் மருத்துவமனையாயிற்று. மாணவர் பலர் போர்முனைக்குச் சென்றனர். மரக்கறி உணவு மட்டுமே உண்ணும் இராமானுஜன் கல்லூரி உணவுக்கூடத்திற்குச் செல்வதில்லை. ஊரிலிருந்து புளியும் தேங்காயெண்ணெயும் தபாலில் அனுப்பச் சொல்லி, தம் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். கூட்டமாக அமர்ந்து உண்ணும் இடத்தில்தான் நட்பு வளரும்; அந்த வாயில் அவருக்கு அடைபட்டிருந்தது.

அந்தத் தனிமைக்குத் துணையாக வந்தவர் வங்காளத்து இளைஞர் மகலனோபிஸ். பின்னாளில், 1931-ல், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. அப்போது அவரும் கேம்பிரிட்ஜில் ஒரு மாணவர். ஞாயிறு காலைகளில் இருவரும் நெடுந்தொலைவு நடந்து செல்வார்கள். நடக்கும்போது இராமானுஜன் பேசியது கணிதத்தைவிடத் தத்துவமே மிகுதி. சுழியையும் முடிவிலியையும் பற்றி அவர் பேசிக்கொண்டே வர, நண்பர் கேட்டுக்கொண்டே வருவார்.

ஒரு நாள் மகலனோபிஸ் இராமானுஜனின் அறைக்கு உணவருந்தச் சென்றார். இராமானுஜன் அடுப்பருகே நின்று பாத்திரத்தில் கிளறிக்கொண்டிருந்தார். நண்பர் கையில் 'ஸ்டிராண்டு' மாத இதழ். அதில் ஒரு புதிர்: ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண்கள். ஒரு வீட்டிற்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அவ்வீட்டின் எண் யாது? மகலனோபிஸ் சில நிமிடங்களில் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுவிட்டார். 288 வீடுகள், 204-ஆம் வீடு. புதிரைக் கேட்ட இராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். 8 வீடுகளானால் 6-ஆம் வீடு, 49 வீடுகளானால் 35-ஆம் வீடு என எல்லா விடைகளும் அதனுள் அடங்கிக் கிடந்தன!

இந்நிகழ்ச்சியைப் பலரும் வியந்து கூறுவர். என் உள்ளத்தைத் தொட்டதோ வேறொன்று. குளிர் மிகுந்த ஒரு நாள் இராமானுஜன் நெருப்பருகே அமர்ந்திருந்தார். இரவில் குளிருகிறதா என்று நண்பர் வினவ, மேலங்கியும் சால்வையும் போர்த்திப் படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. மெத்தையின் ஓரங்களில் அவற்றைச் செருகி விரிப்பது அந்நாட்டு வழக்கம். அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளிகளின் மேலேயே படுத்து, மேல்விரிப்பை மட்டும் போர்த்தி வந்திருக்கிறார்! எப்படிப் படுப்பது என்று நண்பர் செய்து காட்டினார். இராமானுஜன் மனம் நெகிழ்ந்துபோனார்.

1915-ல் மகலனோபிஸ் தாயகம் திரும்பினார். 1916-ல் இராமானுஜன் பட்டம் பெற்றார். விருந்தினரை அழைத்துத் தம் கையால் சமைத்துப் பரிமாறுவதில் அவருக்குப் பெருமகிழ்ச்சி. ஒருமுறை நண்பர் ஒருவரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் அழைத்தார். இருமுறை இரசம் பரிமாறினார். மூன்றாம் முறை பெண்கள் போதும் என்றனர். சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை. மனம் நொந்து, யாரிடமும் சொல்லாமல் ஆக்ஸ்போர்டு சென்றுவிட்டார். சில நாள் கழித்தே திரும்பினார். ஒரு கரண்டி இரசத்திற்காக இவ்வளவு கோபமா என்று நாம் நகைக்கலாம். தன்னிடம் கொடுக்க இருந்த ஒன்றையும் பிறர் வேண்டாமென்றதாக அவர் எண்ணினாரோ!

1917-ல் நோய் அவரைப் பற்றியது. இல்லத்துக் கடிதங்களும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 1918-ன் தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயில் பாதையில் தம் உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தார், நல்வினையால் பிழைத்தார். அதே ஆண்டில்தான் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமையும், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவியும் அவரை வந்தடைந்தன. புகழ் உச்சியில் நின்றது. உடலும் உள்ளமும் தளர்ந்து கிடந்தன. 1919-ல் தாயகம் திரும்பிய அவர் 1920 ஏப்ரல் 26-ல், 32-ஆம் வயதில், சென்னையில் மறைந்தார்.

தோழர்களே! அவரது தேற்றங்களை நிறுவ நம்மில் பலரால் இயலாமற் போகலாம். ஆனால் மகலனோபிஸ் செய்தது நம் எல்லோராலும் இயலும். ஞாயிறன்று மற்றவர்கள் ஊருக்கோ திரைப்படத்திற்கோ சென்றபின், விடுதி அறையில் தனித்திருக்கும் முதலாண்டு மாணவன் ஒருவன் உண்டு. அவன் வீட்டில் அவனுக்கு முன் கல்லூரி கண்டவர் யாருமில்லை. எதை யாரிடம் கேட்பது என்றும் அவன் அறியான். அவன் கதவைத் தட்டி, இரவில் குளிருகிறதா என்று ஒரு சொல் கேட்போம்!

– இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (கணிதம்) மாணவர்