இசைத்தட்டில் சிறுத்த பெயர்

நுகேகொடைச் சந்தியை அடுத்துப் பழைய சாமான்கள் விற்கும் சிறு கடை ஒன்று உண்டு. உடைந்த மின்விசிறிகளுக்கும் துருவேறிய தையல் இயந்திரங்களுக்கும் நடுவே, அட்டைப்பெட்டி நிறைய 78 சுழற்சி இசைத்தட்டுகள் அங்கே கிடந்தன. பெரும்பாலானவை சிங்களப் பாடல்கள். சில ஆங்கில நடன இசை. தமிழ்த் தட்டு ஒன்றே ஒன்று. அதன் நடுவிலிருந்த வட்டத் தாளில் ‘தேவதாஸ்’ என்ற படத்தின் பெயரும், பாடியவர் கண்டசாலா என்பதும் பளிச்சென்று தெரிந்தன. அவற்றின் கீழே, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாலன்றிப் புலப்படாத சிற்றெழுத்தில் மூன்றாவது பெயர் ஒன்று இருந்தது: சி. ஆர். சுப்பராமன்.

சொற்ப விலைக்கு வாங்கி வந்த அந்தத் தட்டை அன்றிரவே சுழலவிட்டுக் கேட்டேன். கண்டசாலாவின் குரலைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் குரலுக்கு விடப்பட்டிருந்த இடம். குரல் தாழும்போது வாத்தியங்கள் ஒதுங்கி நின்றன. குரல் ஓய்ந்த இடத்தில், சொல்லாமல் விட்டதை அவை சொல்லி முடித்தன. துயரத்தை இவ்வளவு அடக்கமாக அமைக்கத் தெரிந்தவர் யார் என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட வியப்பே மிகுந்தது. இந்த மனிதரின் மெட்டுக்களை நாம் எல்லோரும் அறிவோம். அவரைத்தான் அறியோம்.

சுப்பராமன் 1924ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சிந்தாமணி என்னும் ஊரில் பிறந்தார். கும்பகோணத்தில் இராஜமாணிக்கம் பிள்ளையவர்களிடம் சங்கீதம் பயின்றார். பதினாறு வயதளவில் எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தில் ஆர்மோனியக் கலைஞராகச் சேர்ந்தார். இந்தச் சேர்க்கை அவர் வாழ்வின் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். கச்சேரி மேடையில் ஒரு ராகத்தை ஒரு மணி நேரமும் விரிக்கலாம். பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்திலோ ஏறத்தாழ மூன்று நிமிடமே உண்டு. ராகத்தின் முகம் அதற்குள் தெரிந்தாகவேண்டும். சாகித்தியம் கேட்பவர் மனத்தில் பதிந்தாகவேண்டும். வாத்தியங்களுக்கும் இடம் வேண்டும். மீசை முளைக்கும் வயதிலேயே இந்தச் சிக்கனத்தைக் கற்றுக்கொண்டவர் அவர்.

1943இல் வெளிவந்த ‘செஞ்சுலட்சுமி’ என்ற தெலுங்குப் படத்தின் இசைப்பணியில் பங்கேற்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. தென்னிந்தியப் பட உலகம் அப்போது மாறுதலின் வாசலில் நின்றது. பாடத் தெரிந்தவரே நடிகர் என்ற காலம் மெல்லக் கழிந்து, நடிப்பவர் ஒருவர், பாடுபவர் மற்றொருவர் என்ற பின்னணி முறை வேரூன்றிக்கொண்டிருந்தது. கீர்த்தனையின் சாயலில் நீண்ட பாடல்கள் குறுகின; பக்கவாத்தியம் வாத்தியக் குழுவாக விரிந்தது. பழைய முறையின் இலக்கணத்தையும் புதிய முறையின் தேவையையும் ஒருங்கே அறிந்தவர்கள் சிலரே. அவர்களுள் மிக இளையவர்களில் ஒருவர் சுப்பராமன்.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டிருந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் 1947இல் விடுதலையாயினர். விடுதலைக்குப் பின் பாகவதர் நடித்து 1948இல் வெளிவந்த ‘ராஜமுக்தி’ படத்துக்கு இசையமைக்கும் பொறுப்பு சுப்பராமனுக்குக் கிடைத்தது. தமிழ்நாடே பூசித்த பாடகருக்கு மெட்டமைத்தவர் இருபத்து நான்கு வயது இளைஞர்! அதே படத்தில் ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் மாணவியான எம். எல். வசந்தகுமாரியை அவர் திரைக்கு அழைத்து வந்து பாடவைத்தார். மறையும் யுகத்தின் பெருங்குரலும் பிறக்கும் யுகத்தின் இளங்குரலும் ஒரே படத்தில், ஒரே இசையமைப்பாளரின் கீழ் ஒலித்தன. படம் பெருவெற்றி காணவில்லை. ஆயினும் வசந்தகுமாரியின் திரைப்பயணம் அங்கிருந்தே தொடங்கிற்று.

கலைவாணரின் ஆதரவு சுப்பராமனுக்கு இறுதிவரை இருந்தது. ‘பைத்தியக்காரன்’, ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ ஆகிய படங்களில் இருவரும் சேர்ந்து உழைத்தனர். கோவை ஜூபிடர் நிறுவனத்தின் ‘மோகினி’, ‘அபிமன்யு’, ‘வேலைக்காரி’, ‘மர்மயோகி’ ஆகிய படங்களில் எஸ். எம். சுப்பையா நாயுடுவும் சுப்பராமனும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர். ‘நல்லதம்பி’க்கும் ‘வேலைக்காரி’க்கும் கதை தந்தவர் சி. என். அண்ணாதுரை, ‘மணமகளு’க்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. மக்கள் வசனத்தைக் கேட்டு ஆர்ப்பரித்த காலம் அது. அத்தகைய படங்களில் இசையமைத்தவரின் பெயர் பின்வரிசைக்குச் சென்றதில் வியப்பில்லை.

தெலுங்கு நாட்டில் நிலைமை சற்றே வேறு. பி. பானுமதியும் அவர் கணவர் பி. எஸ். ராமகிருஷ்ணராவும் நடத்திய பரணி நிறுவனத்தின் ‘ரத்னமாலா’, ‘லைலா மஜ்னு’ முதலிய படங்களுக்குச் சுப்பராமனே இசையமைத்தார். 1949இல் வந்த ‘லைலா மஜ்னு’ பாலைவனத்துக் காதற்கதை. அதற்கு அரபு நாட்டுச் சாயலும் வேண்டும். தென்னாட்டுக் காதுக்கு அந்நியமாகவும் தோன்றக்கூடாது. இந்த இக்கட்டை அவர் எளிதாகக் கடந்தார். மேலைநாட்டு நடனத் தாளங்களையும் அவர் தயங்காது எடுத்தாண்டார். ஆனால் அவை மெட்டின் மேல் ஒட்டப்பட்ட வர்ணக் காகிதமாகத் தோன்றுவதில்லை. ராகத்தின் நடையோடு இயைந்து போகின்றன. கடன் வாங்கியது தெரியாமல் கடன் வாங்குவதும் ஒரு கலையே.

அவருடைய ஆற்றலுக்கு ஒரே சான்று கேட்டால், 1951இல் வெளிவந்த ‘மணமக’ளையே காட்டுவேன். பாரதியாரின் ‘கண்ணம்மா – என் குழந்தை’ என்ற பாடலை அப்படத்துக்காக அவர் ராகமாலிகையாக அமைத்தார், வசந்தகுமாரி பாடினார். பாரதியார் அப்பாடலுக்குத் தாமே பைரவி ராகம் என்று குறித்து வைத்திருந்தார். ஆயினும் இன்று தமிழ்கூறும் நல்லுலகில் அப்பாடலை எடுத்தவர், காபியில் தொடங்கி ராகத்துக்கு ராகம் நகரும் சுப்பராமனின் மெட்டிலேயே பெரிதும் பாடுகின்றனர். கச்சேரி மேடையில் துக்கடாவாகவும், அரங்கேற்றத்தில் அபிநயத்துக்காகவும், வீட்டில் தாலாட்டாகவும் அது ஒலிக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சங்கீத வகுப்புக்குச் செல்லும் சிறுமியருக்கும் அது பாடம். பாடுபவருள் எத்தனை பேர் அதைத் திரைப்பட மெட்டு என்று அறிவர்? பாரதியாரே அவ்வாறு பாடினார் என்று நினைப்போரும் உண்டு. ஒரு மெட்டு தன்னை ஆக்கியவனை மறைத்துக்கொண்டு, மரபாகவே மாறிவிடுகிறது. கலைஞனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. இதைவிடப் பெரிய இழப்பும் இல்லை.

அவருடைய குழுவில் வயலின் வாசித்தவர் டி. கே. ராமமூர்த்தி. ஜூபிடர் நிறுவனம் கோவையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்த காலத்தில், அங்கே உதவியாளராயிருந்த எம். எஸ். விஸ்வநாதன் என்ற இளைஞரும் வந்து சேர்ந்தார். விஸ்வநாதனுக்கும் ஆசானுக்கும் வயதில் நான்காண்டு வேற்றுமையே.

1952ஆம் ஆண்டு யூன் 27ஆம் திகதி சுப்பராமன் திடீரென்று காலமானார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. ‘தேவதாஸ்’, ‘சண்டிராணி’, ‘மருமகள்’ ஆகிய படங்களின் வேலை முடியாதிருந்தது. எஞ்சிய பணியை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ஏற்று முடித்தனர். 1953இல், தெலுங்கிலும் தமிழிலும் ‘தேவதாஸ்’ வெளிவந்தது. நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடித்த அப்படத்தில் கண்டசாலாவும், அந்நாளில் சிறுமியாயிருந்த கே. ராணியும் பாடிய பாடல்கள் தென்னாட்டையே உருக்கின. தம்முடைய மிகப் பெரிய வெற்றியை அவர் காணவில்லை.

1952இன் இறுதியில், கலைவாணர் இயக்கிய ‘பணம்’ படத்தின் மூலம் விஸ்வநாதன், ராமமூர்த்தி என்ற இரட்டையர் பெயர் திரையில் தோன்றியது. ஆசானை ஆதரித்த அதே கை மாணவரையும் தூக்கிவிட்டது. அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் அவ்விருவரும் எழுப்பிய இசை மாளிகையை நான் வருணிக்க வேண்டியதில்லை. சுப்பராமனின் இளவல் சங்கரும் பின்னாளில் கணேஷுடன் இணைந்து சங்கர்–கணேஷ் என்ற பெயரில் புகழ்பெற்றார். மாணவராலும் தம்பியாலும் அவர் வழி தழைத்தது. நிழல் பெரிதாகப் பெரிதாக, வேர் கண்ணுக்கு மறைந்தது.

இங்கே கொழும்புக்கு ஒரு பங்குண்டு. சுப்பராமன் மறைந்த அதே 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார் பி. வி. கேஸ்கர். திரைப்பாடல்கள் ரசனையைக் கெடுக்கின்றன என்ற கருத்துடைய அவர், அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமின்றிச் செய்தார். 1957இல் விவித பாரதி தொடங்கும்வரை அந்நிலை நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் திரைப்பாட்டு வேண்டியவர்கள் வானொலி முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். 1950இல் தொடங்கப்பட்ட இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பும், அதன் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலும் கடல் கடந்து தமிழகமெங்கும் ஒலித்தன. இவ்வாறு, சென்னையில் பிறந்த ‘தேவதாஸ்’ காலத்துப் பாடல்கள் கொழும்பு டொரிங்டன் சதுக்கத்திலிருந்து புறப்பட்டுச் சென்னைக்கே திரும்பிச் சென்று சேர்ந்தன. சொந்த நாட்டு வானொலி கதவடைத்த வேளையில், இறந்துபோன ஓர் இளைஞனின் இசையைக் காற்றில் வாழவைத்தது இத்தீவு. இந்த உறவு ஒருவழிப்பட்டதன்று. 1947இல் வந்த முதற் சிங்களப் பேசும்படம் மதுரைச் சித்ரகலா ஸ்ரூடியோவிலேயே தயாரானது. நாகர்கோவிலில் பிறந்த ஆர். முத்துசாமி இங்கு வந்து சிங்களத் திரையிசைக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார். இசைக்குப் பாக்குநீரிணை ஒருபோதும் எல்லையாயிருந்ததில்லை.

மேலைநாட்டில் இதற்கோர் ஒப்புமை உண்டு. 1791இல் முப்பத்தைந்து வயதில் இறந்த மோசார்ட், இரங்கற் பூசைக்கான பேரிசை ஒன்றை முடிக்காமல் விட்டுச் சென்றார். மாணவர் சூஸ்மாயர் அதை முடித்துவைத்தார். எந்தப் பகுதி எவர் எழுதியது என்று அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர். ஆயினும் உலகம் அதை மோசார்ட்டின் படைப்பென்றே அழைக்கிறது. மாணவரின் பெயரை ஆராய்ச்சியாளரே அறிவர். நம்மிடையே நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. முடித்துவைத்தவர்கள் பெரும்புகழ் எய்தினர். தொடங்கியவர் பெயர் மங்கிற்று. இதற்கு மாணவரைக் குறைகூற முடியாது. அவர்கள் தம் உழைப்பால் உயர்ந்தவர்கள். இதன் காரணம் நம் வழக்கத்தில் இருக்கிறது. பாட்டைக் கேட்டால் பாடியவர் யார் என்று கேட்கிறோம். நடித்தவர் யார் என்று கேட்கிறோம். மெட்டமைத்தவரைக் கேட்பதற்கு முன் அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது.

மேலும், புகழ் என்பது காலத்தைக் கேட்கும் பயிர். நாற்பதாண்டு உழைத்தவரின் பெயர் தானே நிலைக்கும்; மேடைகளும் பாராட்டு விழாக்களும் அதை நினைவூட்டிக்கொண்டிருக்கும். சுப்பராமனுக்கு வாய்த்தது பத்தாண்டு கூட நிறையாத திரைவாழ்வு. அந்தப் பத்தாண்டுக்குள் பாகவதரின் யுகத்தை வழியனுப்பினார். வசந்தகுமாரியைத் திரைக்குத் தந்தார். பாரதிக்கு ஒரு நிரந்தர மெட்டு அளித்தார். அடுத்த தலைமுறையின் இரு பெரும் இசைவாணரைத் தம் குழுவில் வளர்த்தார். நூறாண்டு வாழ்ந்தவருக்கும் இது நிறைவான கணக்கே.

அவருக்குச் சிலை எழுப்ப வேண்டுமென்று நான் கேட்கவில்லை. பாரதியின் கண்ணம்மாப் பாட்டை மாணவிக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை, மெட்டமைத்தவர் பெயரையும் ஒரு முறை சொல்லிக்கொடுக்கட்டும். பழைய பாடலை ஒலிபரப்பும் அறிவிப்பாளர், பாடகருக்குப் பின் அந்த மூன்றாவது பெயரையும் தெளிவாக உச்சரிக்கட்டும். ஒரு நொடி போதும். இருபத்தெட்டு வயதில் முடிந்துபோன வாழ்வுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அவ்வளவு சிறியது; அதனாலேயே அதைச் செலுத்தாமல் விடுவது பெரும் பிழை.