மர்ஹூம் யூசுப் இஸ்ஹாக்: பத்திரிகை ஓர் அமானிதம்

காஸ்வேயைக் கடந்து ஜொகூர் பாருவுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் நம் கல்லாவில் போடும் சிங்கப்பூர் நோட்டுகளில் ஒரு முகம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு முதல் அந்த நோட்டுகளில் இடம் பெற்றிருப்பவர் மர்ஹூம் யூசுப் இஸ்ஹாக் அவர்கள். அவர் சிங்கப்பூரின் முதல் ஜனாதிபதி என்பதை நம்மில் அநேகர் அறிவோம். அதற்கு முன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் ஒரு பத்திரிகையை நடத்தினார் என்பதும், அந்தப் பத்திரிகை யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வியே அவருடைய வாழ்க்கைப் பாதையைத் திருப்பிவிட்டது என்பதும் சிலருக்கே தெரியும். வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டிய பாகம் அதுவேயாகும்.

பேராக் மாநிலத்தைச் சேர்ந்த பாடாங் காஜா என்னும் ஊரில், 1910 ஆகஸ்ட் 12-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் மீன்வள இலாகாவில் உத்தியோகஸ்தர். குடும்பம் சிங்கப்பூருக்குக் குடியேறவே, ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்றார். 1932-இல் நண்பர்களுடன் சேர்ந்து விளையாட்டுப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். பிறகு, அல்சகாஃப் என்னும் அரபுக் குடும்பத்தார் நடத்திய வார்த்தா மலாயாவில் வேலைக்கு அமர்ந்து, பத்திரிகைத் தொழிலின் எழுத்து வேலையையும் நிர்வாக வேலையையும் ஒருங்கே கற்றார்.

அக்காலத்து மலாய்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் அரபியர் கையிலும் நம்மவர் வழி வந்தோர் கையிலும் இருந்தன. 1876-இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ப் பத்திரிகையான ஜாவி பெரானக்கானை நடத்தியவர்களே தமிழ் முஸ்லிம் வழித்தோன்றல்கள்தாம் என்பது நமக்குப் பெருமை. ஆயினும் மலாய்க்காரரின் குறைகளை மலாய்க்காரரே எடுத்துச் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டுமென்று யூசுப் இஸ்ஹாக்கும் அவருடைய தோழர்களும் எண்ணினார்கள். பெரும் தனவந்தர் எவரையும் நம்பாமல், டாக்ஸி ஓட்டுவோர், தெருவோர வியாபாரிகள், விவசாயிகள் ஆகியோரிடம் சிறு சிறு பங்குகளை விற்று முதல் சேர்த்தார்கள். 1939 மே 29-ஆம் நாள் உத்துசான் மலாயு ஜாவி எழுத்தில் வெளிவந்தது. அப்துல் ரஹீம் காஜாய் ஆசிரியராகவும், யூசுப் இஸ்ஹாக் நிர்வாகத் தலைவராகவும் பொறுப்பேற்றனர்.

மலாய்க்காரரைத் தவிர வேறு எவரும் அதில் பங்கு வாங்கக் கூடாது என்று விதி செய்திருந்தார்கள். நம்மவர்க்கு அது கசப்பாகவே இருந்திருக்கும். எனினும் நியாயத்தோடு பார்த்தால், பிறர் பணத்தில் ஓடும் பத்திரிகை பிறர் குரலாகிவிடும் என்னும் அச்சமே அவ்விதிக்குக் காரணம் என்பது விளங்கும்.

ஜப்பானியர் வந்ததும் பத்திரிகை நின்றது. அதன் அச்சு இயந்திரங்கள் ஜப்பானியரின் பத்திரிகையை அச்சிடப் போயின. யூசுப் இஸ்ஹாக் தைப்பிங் சென்று மளிகைக் கடை வைத்துப் பிழைத்தார். 1945-இல் யுத்தம் முடிந்ததும் கடையை விட்டுச் சிங்கப்பூர் திரும்பிப் பத்திரிகையை மீண்டும் எழுப்பினார். 1946-இல் மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து எழுந்த இயக்கத்திற்கு உத்துசான் பெரும் துணையாக நின்றது.

சோதனை அதற்குப் பிறகே வந்தது. சுதந்திரத்திற்குப் பின் 1958-இல் பத்திரிகை கோலாலம்பூருக்கு மாறியது. ஆளும் அம்னோ கட்சி அதன் பங்குகளைப் பெற்று ஆதிக்கம் கொண்டது. கட்சியாரோடு ஒத்துப்போக இயலாத நிலையில், 1959-இல் யூசுப் இஸ்ஹாக் தம் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார். அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் சிங்கப்பூரின் யாங் டி-பெர்த்துவான் நெகாராவாகப் பதவியேற்றார், 1965-இல் ஜனாதிபதியானார், அப்பதவியில் இருக்கையிலேயே 1970 நவம்பர் 23-ஆம் நாள் வபாத்தானார்.

அவர் விட்டுச் சென்ற பத்திரிகையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1961 ஜூலையில், கட்சியைச் சேர்ந்த ஒருவரை மேலே நியமித்தபோது, ஆசிரியர் சையித் ஜஹாரியின் தலைமையில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கூலி உயர்வு கேட்கவில்லை. செய்தியை எழுதுவதில் கட்சி தலையிடக் கூடாது என்றே கேட்டார்கள். மூன்று மாதங்கள் தாங்கியும் வெற்றி கிட்டவில்லை. ஆட்சி நிலைத்த வரையில் உத்துசானுக்கும் பலம் இருந்தது. வாசகர் குறைந்து நஷ்டம் பெருகி வந்த காலத்தில், 2018-இல் கட்சி ஆட்சியை இழந்தது. மறு ஆண்டு அக்டோபரில் அந்த ஸ்தாபனம் மூடப்பட்டது. 2020-இல் வேறு நிர்வாகத்தின் கீழ் அதே பெயர் மறுபடியும் வந்தது.

இதில் வியாபாரிக்கு விளங்கும் பாடம் ஒன்று உண்டு. பங்கை இன்ன இனத்தார் மட்டுமே வாங்கலாம் என்று விதி செய்தார்கள். வாங்கியவர் செய்தியை வளைக்கக் கூடாது என்பதற்கு அப்படி ஒரு காவல் வைக்கப்படவில்லை. கூட்டு வியாபாரத்தில் பத்திரம் எழுதும்போது லாபப் பங்கை மட்டும் எழுதி, கணக்குப் பார்க்கும் உரிமையை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். ஏழைகளின் காசில் பிறந்த பத்திரிகை பலமுள்ளோர் கைக்குப் போனதும் இவ்வாறே.

நமக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. சந்தாவை நிலுவை வைப்பதும், விளம்பரம் கொடுத்துவிட்டு நமக்குப் பிடிக்காத செய்தியை நிறுத்தச் சொல்வதும் சிறிய அளவில் அதே காரியந்தான். எடைக்கல்லை நாம் கைவைத்துத் தாழ்த்துவதில்லை. செய்தியின் எடையையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். பத்திரிகையின் பங்கு எவர் பெட்டியில் இருந்தாலும், அதன்மேல் வாசகர் வைத்த நம்பிக்கை அமானிதமாகும். அமானிதத்தை விற்கும் அதிகாரம் எந்த முதலாளிக்கும் இல்லை.