கறுப்புக் கோடுகளை எண்ணியவர்

ஃப்ரான்ஹோஃபர் என்றால் நம்மில் பலருக்கு முதலாண்டு பிசிக்ஸ் பேப்பரின் இரண்டு மார்க் கேள்விதான் ஞாபகம் வரும். அந்த மனிதரின் கதையை நான் படித்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். மலருக்குக் கட்டுரை கேட்டதும் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

ஜோசப் ஃப்ரான்ஹோஃபர் 1787இல் பவேரியாவில் ஒரு கண்ணாடித் தொழிலாளி வீட்டில் பிறந்தார். 12 வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார். மியூனிக்கில் ஒரு கண்ணாடிக்காரரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். முதலாளிக்குப் பையன் புத்தகத்தைத் தொட்டாலே பிடிக்காது. 1801இல் அந்த வீடே இடிந்து விழுந்தது. பையன் உயிரோடு மீட்கப்பட்டான். நாட்டின் அதிபதி மாக்ஸிமிலியன் இரங்கிக் கொடுத்த பணத்தில் கண்ணாடி அறுக்கும் மெஷின் வாங்கினான், முதலாளியிடமிருந்து விடுதலையும் வாங்கினான்!

பிறகு லென்ஸ் தொழிற்சாலை வேலை. கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் 1814இல் சூரிய ஒளியை ப்ரிஸத்தில் விட்டு, டெலஸ்கோப் வழியே பார்த்தார். நிறங்களுக்கு நடுநடுவே கறுப்புக் கோடுகள். 1802இல் வொல்லாஸ்டன் சில கோடுகளைப் பார்த்திருந்தார். இவரோ 500க்கு மேல் எண்ணி, முக்கியமானவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயரிட்டார். விளக்குச் சுடரின் மஞ்சள் கோடும் சூரியனின் டி கோடும் ஒரே இடத்தில் விழுவதையும், சிரியஸ் விண்மீனின் கோடுகள் வேறு மாதிரி இருப்பதையும் குறித்து வைத்தார். ஏன் அப்படின்னு அவருக்குத் தெரியாது. காலேஜ் படிக்காதவர் என்று அகாடமியில் எதிர்ப்பு வேறு. 1826இல், 39 வயதில், காசநோயால் இறந்தார்.

விடை வந்தது 1859இல். பின்னாலிருந்து வரும் ஒளியில், ஒரு வாயு தான் உமிழக்கூடிய அதே நிறங்களை விழுங்கிவிடும் என்று கிர்க்காஃப் விளக்கினார். டி கோடு சோடியத்துடையது. சூரியனில் சோடியம் இருக்கு! 1952இல் மெரில், சில சிவப்பு விண்மீன்களில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். விண்மீன் வயதோடு ஒப்பிட்டால் சீக்கிரமே சிதைந்துவிடும் தனிமம் அது. ஆக, அது அங்கேயேதான் உருவாகியிருக்க வேண்டும்.

லேபில் சோடியம் லேம்ப் முன்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, எதிர்பாராத ரீடிங் வந்தால் அடித்துவிட்டு சீனியர் ரெகார்டைப் பார்த்து எழுதாதீர்கள். வந்ததை வந்தபடியே எழுதுங்கள். இவர் எழுதி வைத்தது 45 வருஷம் காத்திருந்துதான் பொருள் தந்தது.